அரிப்பும் களிம்பும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுவார் பலர் உளர். நமக்கு அளிக்கப்பட்ட தலைப்பு 'உடல் நலமும் இளைஞரும்' என்பது. அத்துணைப் பெரிய தலைப்பை அரைமணி நேரத்தில் பேசி முடித்தால் எவர் மனத்திலும் ஒன்றும் நில்லாது. ஆகவே அதனுள் மிகச் சிறியதாகத் தோன்றுவதும், மேடையில் பேச எவரும் நாணுவதுமான ஒன்றனை எடுத்துக்கொண்டோம். தோலில் வரும் அரிப்பும், அதற்கு நாமே கடையில் கேட்டு வாங்கிப் பூசிக்கொள்ளும் களிம்பும்தாம் இன்றைய பேச்சு. சிலர் சிரிக்கின்றீர்கள். சிரிப்பவர்களுள் பாதிப் பேர் வீட்டிலாவது அலமாரியில் நசுங்கிய டியூப் ஒன்று இருக்கும் என்பது நம் துணிபு.

நாம் மருத்துவர் அல்லோம், பள்ளியாசிரியர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் கைகளையும் கால்களையும் பார்த்து வந்தவர். மருத்துவ நூல்களில் உறுதிப்பட்டனவற்றையே இங்கே சொல்வோம். நோய் இன்னதென்று அறுதியிட்டுச் சொல்லும் உரிமை மருத்துவருக்கே உண்டு.

இப்பொருளை நம் சங்க மேடையில் ஏன் பேச வேண்டும்? அரிப்பு எல்லாச் சாதியார்க்கும் வருவதே. ஆயினும் நம் மக்கள் செய்துவரும் தொழில்களை எண்ணிப் பாருங்கள். நாற்று நடும் பெண்கள் நாள் முழுவதும் சேற்றில் நிற்கின்றனர். கால்விரல் இடுக்குகள் ஊறிச் சேற்றுப்புண் வருகின்றது. கொத்து வேலைக்குச் செல்வோர் கைகளில் சிமெண்டின் காரமும் அதிலுள்ள குரோமியமும் பட்டுத் தோல் வெடிக்கின்றது. இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிற்கூடங்களிலும் அதே குரோமிய உப்புத்தான். துப்புரவுப் பணியாளர் கையுறையின்றித் தொடுபவற்றை இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை. இவற்றோடு ஓரறை வீட்டில் ஏழு பேர் ஒரே பாயில் படுக்கும் நெருக்கடியும் சேர்கின்றது. அரிப்பு நம் வீடுகளுக்கு மிகுதியாக வருவதற்கு இவையே காரணம். ஆனால் ஊரார் சொல்லும் காரணம் வேறு: "அவர்கள் சுத்தமில்லாதவர்கள்" என்பது.

இப்பழி மிகப் பழையது. பொதுக்குளத்து நீரைத் தொடவொட்டாமல் தடுத்துவிட்டுக் குளிக்காதவர் என்று இகழ்ந்த நாடு இது. 1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அண்ணல் அம்பேத்கர் மகாடு நகரில் சவுதார் குளத்து நீரை ஆயிரக்கணக்கான மக்களோடு சென்று அள்ளிப் பருகியதை நீங்கள் படித்திருப்பீர்கள். குளத்தைத் தடுத்தவர்களே குளியாதவர் என்று கூறும் முறைகேட்டை அவர் அன்று உலகறியச் செய்தார். நோயின் பெயரிலேயே பழியைப் பொதிந்து வைத்த கதையும் ஒன்றுண்டு. தொடையிடுக்கில் வரும் படர்தாமரைக்கு வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் ஆங்கிலேயர் வைத்த பெயர் 'டோபி இட்ச்'. வெள்ளைக்காரத் துரைக்கு அரிப்பு வந்தால் அவன் துணியை வெளுத்துக் கொடுத்த சலவைத் தொழிலாளியே குற்றவாளியாம்! இறுக்கமான கால்சட்டையும் வியர்வையும் பூஞ்சைக் காளானுமே காரணங்கள் என்பதை அறிந்த பிறகும் அப்பெயர் நூல்களில் நெடுநாள் நின்றது.

இப்பழிக்கு அஞ்சியே நம் இளைஞர்கள் அரிப்பை மறைக்கின்றனர். வகுப்பில் ஒரு பிள்ளை சொறிந்துகொண்டால் மற்றப் பிள்ளைகள் தள்ளி உட்காருகின்றன. பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வருவதில்லை. வயது வந்தவர்களோ மருத்துவமனை வரிசையில் நின்று ஆடையை விலக்கிக் காட்ட வெட்கப்பட்டு, விளக்கு வைத்த பிறகு மருந்துக் கடைக்குப் போகின்றனர். "அண்ணே, அரிப்புக்கு ஏதாவது குடுங்க" என்று தணிந்த குரலில் கேட்கின்றனர். கடைக்காரர் ஒன்றும் பாராமலே, "இந்தா தம்பி, ரெண்டு வேளை தடவு, ரெண்டே நாள்ல போயிடும்" என்று ஒரு டியூபைத் தருகின்றார். அவர் சொன்னது பொய்யன்று. இரண்டே நாளில் அரிப்பு போய்விடுகின்றது. தொல்லை தொடங்குவதும் அங்கேதான்.

அந்த டியூபில் என்ன இருக்கின்றது? பெரும்பாலும் மூன்று மருந்துகளின் கலவை இருக்கும்: பூஞ்சையைக் கொல்ல ஒன்று, பாக்டீரியாவைக் கொல்ல ஒன்று, இவற்றோடு ஸ்டிராய்டு ஒன்று. தோலில் பூசும் ஸ்டிராய்டு மருத்துவ வரலாற்றில் ஒரு பெருங்கொடை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1952இல் சுல்ஸ்பெர்கர், விட்டன் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள், இன்று ஐடிரோகார்டிசோன் என வழங்கும் மருந்தைக் கரப்பான் முதலிய நோய்களுக்குப் பூசிப் பயன் கண்டு வெளியிட்டனர். அதுவரை தாரெண்ணெய் பூசி அல்லலுற்றோர் பலர் நலம் பெற்றனர். இன்றும் கரப்பான் நோய்க்கு மருத்துவர் அளவறிந்து அதைத் தருகின்றார். அவ்வாறு தந்ததை அஞ்சிப் பூசாமல் விடுவதும் தவறே.

ஸ்டிராய்டு செய்யும் வேலை இன்னதென்று தெரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும். பகையொன்று தோலில் புகுந்தால் நம் உடல் அதனோடு போரிடுகின்றது. சிவப்பும் வீக்கமும் தினவும் அப்போரின் அடையாளங்கள். ஸ்டிராய்டு அப்போரை நிறுத்துகின்றது. பகையே இல்லாத இடத்தில் உடல் வீணாகப் போர் செய்தால் (கரப்பான் அத்தகையதே) நிறுத்துவது நன்மை. உண்மையான பகையாகிய பூஞ்சை உட்கார்ந்திருக்கும்போது காவலரை உறங்க வைத்தால் யாருக்கு நன்மை? அரிப்பு அடங்குகின்றது, பூஞ்சை தழைக்கின்றது. டியூப் தீர்ந்து பூசுவதை நிறுத்தியதும் சிவப்பு முன்னினும் பெரிதாகத் திரும்புகின்றது. மறுபடியும் கடை, மறுபடியும் டியூப். வட்ட வட்டமாக விளிம்பு தடித்துத் தெளிவாக இருந்த படர்தாமரை தன் உருவத்தையே இழந்து, தேர்ந்த மருத்துவரும் பார்த்தவுடன் இன்னதென்று சொல்ல இயலாதபடி மாறிவிடுகின்றது.

நம் பள்ளியில் படித்து வெளியேறிய மாணவர் ஒருவர் காவலர் தேர்வுக்கு உடற்பயிற்சி செய்து வந்தார். நாள்தோறும் ஓட்டம், வியர்வை, ஈரம் உலராத உள்ளாடை. தொடையிடுக்கில் படர்தாமரை வந்தது. எட்டு மாதம் கலவைக் களிம்பைப் பூசினார். வயிறு, இடுப்பு, பின்புறம் எல்லாம் படர்ந்தது. தொடையின் உட்புறத்தில் பிள்ளை பெற்ற தாயின் வயிற்றில் காண்பது போன்ற கோடுகள் விழுந்தன. ஓடும்போது தோல் உரசிக் கிழியும் நிலை வந்த பிறகே தாயாரிடம் சொன்னார். தாயார் நம்மிடம் வந்தார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அனுப்பினோம். அங்கே தோலைச் சிறிது சுரண்டி, ஒரு சொட்டுக் காரக் கரைசலிட்டு உருப்பெருக்கியில் பார்த்தனர். பூஞ்சை இழைகள் தெரிந்தன. சில நிமிடங்களில் முடியும் எளிய சோதனை, செலவும் இல்லை. மாத்திரையும் தனிக் களிம்புமாகப் பல மாதம் ஆகிக் குணம் கண்டது. தோலில் விழுந்த கோடுகள் மட்டும் போகவில்லை; அவை போவதுமில்லை.

இது ஒருவர் கதையன்று. நாடு முழுவதும் படர்தாமரை முன்போல் எளிதில் தீராத நோயாகிவிட்டது. இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் சென்ற நோயாளிகளிடம் கண்ட பூஞ்சையொன்றை ஆராய்ந்து, 2020இல் சப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு நம் நாட்டின் பெயர் விளங்க 'டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே' என்று பெயரிட்டனர். பூஞ்சைக்குச் சிறந்த மருந்தாகிய டெர்பினாஃபினுக்கே அடங்காத பூஞ்சை அது. இன்று பல நாடுகளில் அது காணப்படுகின்றது. கலவைக் களிம்புகளின் வரைமுறையற்ற பயன்பாடு இதற்குத் துணைபோயிருக்கின்றது என்பதே தோல் மருத்துவர் பலரின் கருத்து. உலகிற்கு நாம் கொடுத்த கொடைகளுள் இதுவும் ஒன்றானது வருந்தத்தக்கது.

அரசு வாளாவிருக்கவில்லை. 2018 மார்ச்சில் மைய அரசு 14 வகை ஸ்டிராய்டுக் களிம்புகளைப் பெயர் குறித்து, மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று அறிவிக்கை வெளியிட்டது. ஆயினும் சட்டம் ஏட்டில் இருக்கின்றது. டியூபோ கண்ணாடிப் பெட்டியின் மேலேயே இருக்கின்றது. மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு, குறைந்தபட்சக் கூலி என்று எத்தனையோ சட்டங்களின் வரலாற்றை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. ஆகவே வாங்குபவருக்கு அறிவு வேண்டியிருக்கின்றது. இளைஞர்களே, உங்களை நோக்கியே இதனைச் சொல்கின்றோம். ஏனெனில் டியூபின் மேலுள்ள எழுத்து பொடி எழுத்து, அதுவும் ஆங்கிலம். உங்கள் தாயாரும் பாட்டியாரும் அதைப் படிக்க இயலாது. நீங்கள் படிக்க இயலும்.

டியூபின் அல்லது அட்டைப் பெட்டியின் இடப்புறம் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்து. அடுத்து, மருந்தின் வணிகப் பெயரை விட்டுவிட்டு அதன் கீழே சிறிய எழுத்திலுள்ள மூலப்பொருள்களைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளுவோசினோலோன், குளோபெட்டசால் இவற்றுள் ஒன்று கண்ணில் பட்டால் அது ஸ்டிராய்டு. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. குளோபெட்டசால் என்றும் குளோட்ரிமசோல் என்றும் இரு பெயர்கள் உண்டு. இரண்டும் 'குளோ' என்று தொடங்குவதால் ஒன்றெனக் கொள்ள வேண்டா. முன்னது மிகக் கடுமையான ஸ்டிராய்டு, பின்னது பூஞ்சைக்கொல்லி. ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும் என்று வகுப்பில் நாம் ஓயாமல் சொல்வது தமிழுக்கு மட்டுமன்று.

விழுக்காட்டுக் கணக்கிலும் ஏமாறக் கூடாது. ஐடிரோகார்டிசோன் 1 விழுக்காடு என்றிருக்கும், குளோபெட்டசால் 0.05 விழுக்காடு என்றிருக்கும். எண் சிறியதாயிருப்பதால் இரண்டாவது மென்மையானது என்று ஏழாம் வகுப்புக் கணக்குப்படி முடிவு செய்வீர்கள். உண்மையில் ஐடிரோகார்டிசோன் மிக மென்மையான வகை, குளோபெட்டசால் யாவற்றினும் வலியது. இரண்டிற்கும் இடையே பல நூறு மடங்கு வேறுபாடு உண்டு. வெவ்வேறு பொருள்களின் விழுக்காட்டை ஒப்பிடுவது இரும்பின் எடையையும் நஞ்சின் எடையையும் ஒப்பிடுவது போலாகும்.

மகளிர் பக்கம் சிறிது திரும்புவோம். இவ்வகைக் களிம்புகள் அரிப்புக்கு மட்டுமே வாங்கப்படுவதாக எண்ணினால் அது பாதி உண்மையே. முகம் வெளுக்க வேண்டும் என்று பூசும் பெண்கள், ஏன், ஆண்களும், நம் தெருக்களில் பலர். ஸ்டிராய்டு பூசிய முகம் முதல் சில வாரங்களில் வெளுக்கத்தான் செய்யும். பெண் பார்க்க வருகின்றார்கள் என்றவுடன் ஒரு டியூப் வாங்கிவிடுகின்றனர். பின்னர் முகத்தோல் தாள்போல் மெலிந்து, மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிந்து, பருவும் மயிரும் முளைத்து, வெயிலில் நின்றால் நெருப்புப் பட்டது போல் எரிகின்றது. நிறுத்தினால் எரிச்சல் மிகுகின்றது என்பதால் நிறுத்தவும் இயலாமல், பூசவும் இயலாமல் தவிக்கின்றனர். கண்ணருகே நெடுநாள் பூசினால் கண்ணழுத்தமும் புரையும் வரக்கூடும். பெயர் விவரமின்றி விற்கும் சில வெளுப்புக் களிம்புகளில் பாதரசம் கலந்திருப்பதும் உண்டு. கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் அத்தகையவற்றைப் பூசியோர் சிலருக்குச் சிறுநீரகம் பழுதுற்றது 2023இல் வெளிவந்தது. முகத்தில் பூசியது சிறுநீரகம் வரை சென்றிருக்கின்றது.

கறுப்பு நிறம் ஒரு நோயென்று நம் பெண் மக்களை நம்பவைத்தவர் யாவர்? களிம்பு விற்பவர் மட்டுமல்லர். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்து "நிறம் கொஞ்சம் கம்மிதான்" என்று சொல்லும் நம் உறவினரும் அதில் பங்காளிகளே. இச்சங்கத்தில் பெரியோர் உளர், கேட்டுக்கொள்ளட்டும்.

அப்படியானால் கடையில் எதனையும் வாங்கக் கூடாதா என்று கேட்பீர்கள். வாங்கலாம். ஆனால் அரிப்பு ஒன்றன்று, பல என்பது தெரிந்திருக்க வேண்டும். வேர்க்குரு, கொசுக்கடி, செடி பட்ட தடிப்பு இவற்றிற்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியும், கலமைன் என்னும் இளஞ்சிவப்பு நீர்மருந்தும் போதும். அது துத்தநாகச் சேர்மம். சிவப்பு நிறம் சிறிதளவு இரும்புத் துருவால் வருவது. அதைக் குலுக்கிப் பூச வேண்டும். புண்ணிலும் கண்ணருகிலும் ஆகாது. தோல் வறண்டு வரும் அரிப்புக்கு, குறிப்பாக முதியோர்க்கு, குளித்த ஈரம் முற்றும் உலருமுன் தேங்காயெண்ணெயோ வெண்ணிற வாசலினோ பூசுவதைவிட மேலான மருந்து குறைவு. காரம் மிகுந்த சோப்பை இரண்டு வேளை தேய்ப்பதே சில வீடுகளில் நோயின் காரணம். கிருமிநாசினியை நீர் கலவாமல் ஊற்றுவதும், மண்ணெண்ணெய் தடவுவதும், சேராங்கொட்டைச் சாற்றையும் எருக்கம்பாலையும் வைப்பதும் தோலைச் சுட்டுவிடும். நாட்டு மருத்துவத்தை நாம் இகழவில்லை. நம் பெருமைக்குரிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவத்தில் வல்லவர். வண்டுகொல்லி என்னும் சீமையகத்தி இலையைப் படைக்கு அரைத்துப் பூசுவது தலைமுறைகளாக வரும் வழக்கு. கற்ற வைத்தியர் கைபார்த்துத் தருவது வேறு. பக்கத்து வீட்டார் சொன்ன பாலை முகத்தில் வைப்பது வேறு.

படர்தாமரை சிறிதாக, ஓரிரு வட்டமாக இருந்தால் ஸ்டிராய்டு கலவாத தனிப் பூஞ்சைக்கொல்லிக் களிம்பை, அதாவது குளோட்ரிமசோல் 1 விழுக்காடு போன்றதை, வாங்கலாம். பலர் வட்டத்தின் நடுவில் வைத்துத் தேய்க்கின்றனர். பூஞ்சை வளர்வது விளிம்பில். ஆகவே விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை பூச வேண்டும். நாளைக்கு இருமுறை; கண்ணுக்கு மறைந்த பிறகும் இரண்டு வாரம். தனிக் களிம்பில் அரிப்பு இரண்டு நாளில் போகாது, ஒரு வாரமாவது ஆகும். பொறுமையின்மையே கலவைக் களிம்பின் வணிகத்தை வளர்க்கின்றது. உள்ளாடையையும் துண்டையும் தனித்தனியே வைத்து, துவைத்து, வெயிலில் நன்கு உலர்த்தி அணிய வேண்டும். அண்ணன் தம்பி ஒரே லுங்கியை மாற்றிக் கட்டுவது பாசமாயினும் பூஞ்சைக்கும் அது பாலமாகும். இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டாலும், பல இடங்களில் படர்ந்திருந்தாலும், தலையிலோ நகத்திலோ இருந்தாலும் களிம்பால் தீராது, மாத்திரை வேண்டும், மருத்துவரிடம் செல்க.

எவ்வளவு பூசுவது என்பதற்கு 1991இல் பிரித்தானிய மருத்துவர்கள் ஓர் எளிய அளவு சொன்னார்கள். ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கணுவின் கோடு வரை டியூபிலிருந்து பிதுக்கினால் அஃது ஏறத்தாழ அரைக் கிராம். விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அகலமுள்ள இடத்திற்கு அது போதும். அளவுகோலை எவரும் கையோடு கொண்டு பிறந்திருக்கின்றோம்.

இனிச் சிரங்கு. இதைப் பற்றி ஆசிரியர் என்ற முறையில் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகின்றோம். ஏனெனில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விரட்டும் நோய் இதுவே. இரவில் அரிப்பு மிகும். விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, ஆண்களுக்கு மறைவிடம் ஆகியவற்றில் சிறு கொப்புளங்கள் தோன்றும். வீட்டில் ஒருவருக்கு வந்தால் அடுத்தடுத்து மற்றவர்க்கும் வரும். கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதால் வருவது இது. 1687இலேயே போனோமோ என்னும் இத்தாலிய மருத்துவர் உருப்பெருக்கியில் அப்பூச்சியைக் கண்டு எழுதிவிட்டார். அழுக்கினால் வருவதன்று, நாளைக்கு மூன்று முறை குளித்தாலும் அது போகாது. ஒருவர் தோலோடு ஒருவர் தோல் நெடுநேரம் ஒட்டிக் கிடப்பதால் பரவுவது. இட நெருக்கடியே அதன் தாய். ஆகவே சிரங்கு வந்த பிள்ளையை அழுக்குப் பிள்ளை என்று சொல்லும் ஆசிரியர் மருத்துவமும் அறியார், ஆசிரியமும் அறியார்.

இதற்கு ஸ்டிராய்டு பூசினால் கொப்புளம் மறைந்து பூச்சி பெருகும். பெர்மெத்ரின் 5 விழுக்காடு களிம்பை மருத்துவர் அறிவுரைப்படி கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, அரிக்கும் இடம் அரிக்காத இடம் என்று பாராமல், நகத்தின் அடியிலும் விடாமல் இரவில் பூசி, எட்டு மணி நேரத்திற்குக் குறையாமல் வைத்திருந்து காலையில் குளிக்க வேண்டும். இடையில் கை கழுவினால் கையில் மறுபடி பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கைக்குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் மருத்துவரைக் கேளாமல் எதனையும் பூசலாகாது. முதன்மையானது, வீட்டிலுள்ள அனைவரும், அரிப்பில்லாதவரும், ஒரே இரவில் பூசிக்கொள்வது. இதில்தான் எல்லா வீடுகளும் தவறுகின்றன. "அவனுக்குத்தானே சார் சிரங்கு, எங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டு ஒருவருக்கு மட்டும் பூசுகின்றனர், பத்து நாளில் அவனுக்கே திரும்பி வருகின்றது. அன்றே துணி, போர்வைகளைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். துவைக்க முடியாதவற்றைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்தால் பூச்சி உணவின்றி மடியும். பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் வரை அரிப்பு இருக்கக்கூடும். மருந்து பலிக்கவில்லை என்று நாள்தோறும் பூசிப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டா. சொறிந்த இடத்தில் சீழ் வைத்தால் காலந்தாழ்த்தலாகாது. அச்சீழிலுள்ள கிருமியால் பிள்ளைகளுக்குச் சிறுநீரக வீக்கம் வருவதுண்டு. முகம் வீங்கிச் சிறுநீர் சிவந்தால் உடனே மருத்துவமனை.

முதல் பூச்சு முடிந்த மறுநாளே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம். எந்தப் பள்ளியாவது தள்ளி உட்கார வைத்தால் சங்கத்திற்குத் தெரிவியுங்கள். தள்ளி உட்கார வைத்த வரலாறு நமக்குப் போதும்.

அரிக்காத ஒன்றைப் பற்றியும் இருசொல். தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அது அரிக்காமல், தொட்டால் உணர்ச்சியும் குறைந்திருந்தால் அதன்மேல் எந்தக் களிம்பையும் பூச வேண்டா. அது தொழுநோயின் தொடக்கமாக இருக்கக்கூடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் கூட்டு மருந்துச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். நோயின் வகைக்கேற்ப ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம் உண்டால் முற்றிலும் குணமாகும். களிம்பு பூசி ஆண்டுகளைப் போக்கியவர்களுக்கே விரல்கள் மடங்குகின்றன. அவ்வாறே தோலில் ஒன்றும் காணாமல் உடல் முழுதும் வாரக்கணக்கில் அரித்தால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் சோதிக்க வேண்டும். மருந்து பூசியதும் உதடும் கண்ணும் வீங்கி மூச்சுத் திணறினால் 108 வண்டியை அழைப்பதில் நொடியும் தாமதம் வேண்டா.

மாதக்கணக்கில் கலவைக் களிம்பைப் பூசி வருபவர்கள் இக்கூட்டத்திலும் இருப்பீர்கள். இவ்வுரையைக் கேட்டுவிட்டு இன்றிரவே டியூபைக் குப்பையில் எறிய வேண்டா. திடீரென நிறுத்தினால் தோல் சினந்து எழும். டியூபையும் எடுத்துக்கொண்டு தோல் நோய்ப் பிரிவுக்குச் சென்று, "இதை இத்தனை மாதம் பூசினேன்" என்று மறைக்காமல் சொல்லுங்கள். எவ்வாறு நிறுத்துவது என்பதை அவர்கள் சொல்வார்கள். ஆண்களை ஆண் மருத்துவரும் பெண்களைப் பெண் மருத்துவரும் பார்க்க வேண்டும் என்று விரும்பினால் அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டா. துணைக்கு ஆள் வேண்டுமெனில் நம் இளைஞர் அணியினர் உடன் வர ஒப்பியிருக்கின்றனர்.

சங்கச் செயலாளரிடம் பேசி ஓர் ஏற்பாடும் செய்திருக்கின்றோம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் படிப்பகத்தில் இருப்போம். அவரவர் வீட்டிலுள்ள டியூபுகளைப் பெட்டியோடு கொண்டு வாருங்கள்; பெயர் எழுத வேண்டுவதில்லை, யாருடையது என்று எவரும் கேட்கப் போவதுமில்லை. மேல்நிலை வகுப்பு மாணவர்கள் அவற்றின் மூலப்பொருளையும் சிவப்புக் கோட்டையும் காலாவதி நாளையும் படித்து, ஒரு தாளில் தமிழில் எழுதி டியூபில் சுற்றிக் கொடுப்பார்கள். படிப்பகத்தில் உருப்பெருக்குக் கண்ணாடி ஒன்றுதான் இருக்கின்றது. வைத்திருப்பவர்கள் எடுத்து வந்தால் உதவியாக இருக்கும்.